காஞ்சிபுரம் 1957, 1962: அண்ணாவின் இரு சட்டமன்றத் தேர்தல்களும் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தேர்தல் அரசியலும்

ஆய்வுச்சுருக்கம்

சி. என். அண்ணாதுரை (இனி அண்ணா) மக்களின் நேரடி வாக்கால் சட்டமன்ற உறுப்பினராக இருந்த காலம் 1957 முதல் 1962 வரையிலான ஐந்தாண்டுகள் மட்டுமே. அவர் காஞ்சிபுரம் தொகுதியில் இருமுறை போட்டியிட்டார். ஒருமுறை வென்றார், ஒருமுறை தோற்றார். தலைவர் தோற்ற 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சியின் சட்டமன்ற வலிமை மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. முரணாகத் தோன்றும் இந்நிகழ்வை ஆராயும் இக்கட்டுரை, காஞ்சிபுரத் தோல்வியைத் தனிமனிதச் சரிவாகவோ பணபலத்தின் விளைவாகவோ மட்டும் கொள்ளாமல், வாக்கு ஆளிடமிருந்து சின்னத்திற்கு இடம்பெயர்ந்த ஒரு மாற்றத்தின் பகுதியாகக் காண்கிறது. அத்தோல்வி 1967இன் கூட்டணி அரசியலுக்கு எவ்வாறு இட்டுச் சென்றது என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அண்ணா, காஞ்சிபுரம், திராவிட முன்னேற்றக் கழகம், சென்னை மாநிலச் சட்டமன்றம், தேர்தல் சின்னம், கூட்டணி.

முன்னுரை

அண்ணாவின் அரசியல் வாழ்வை எழுதியோர் அவரைப் பேச்சாளராக, எழுத்தாளராக, கட்சி நிறுவனராக, முதலமைச்சராக விரிவாக வரைந்துள்ளனர். தொகுதி வேட்பாளர் என்னும் நிலையில் அவரைக் காண்பது அரிது. 1957ஆம் ஆண்டின் காஞ்சிபுர வெற்றி ‘கழகம் கோட்டைக்குள் நுழைந்த’ கதையின் ஒரு வரியாகவும், 1962ஆம் ஆண்டின் தோல்வி அதே கதையில் அவசரமாகக் கடக்கப்படும் மற்றொரு வரியாகவும் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. முதலமைச்சரான பின்னரும் அவர் சட்டமன்றப் பேரவையின் உறுப்பினர் அல்லர், மேலவை உறுப்பினர் என்பது பலர் நினைவில் இருப்பதில்லை. பேரவைத் தேர்தலில் அவருடைய கணக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது கழகத்தின் தேர்தல் வரலாறு குறித்துச் சில புதிய கேள்விகள் எழுகின்றன.

தேர்தலுக்கு வெளியே நின்ற இயக்கம்

அண்ணா தேர்தல் களத்திற்கு முற்றிலும் புதியவராக 1957இல் வரவில்லை. 1930களின் நடுவில் நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டைப் பகுதியில் நின்று தோற்றவர் அவர். ஆனால் அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய பொதுவாழ்வு வாக்குச்சீட்டுக்கு வெளியே நிகழ்ந்தது. 1944இல் சேலம் மாநாட்டில் அவர் பெயரால் அறியப்படும் தீர்மானம், பிரித்தானிய அரசு வழங்கிய பட்டங்களையும் நியமனப் பதவிகளையும் துறக்குமாறு நீதிக்கட்சியினரைக் கேட்டது. அக்கட்சியின் தொடர்ச்சியாக உருவான திராவிடர் கழகம் தேர்தலிலிருந்து விலகி நின்றது. பதவி நாட்டம் இயக்கத்தைக் கெடுக்கும் என்னும் கருத்து அன்றைய தொண்டர்களிடம் ஆழமாக வேரூன்றியிருந்தது. 1949 செப்டம்பர் 17இல் தி.மு.க. பிறந்தபோதும் இவ்வுளப்பாங்கு உடன் வந்தது.

1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கழகம் நேரடியாகப் போட்டியிடவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கையை ஏற்று உறுதிமொழி தரும் பிற வேட்பாளர்களை ஆதரிப்பது என்னும் இடைவழியைத் தேர்ந்தது. வடமாவட்டங்களில் வன்னியர் சமூகத்தாரிடையே செல்வாக்குப் பெற்றிருந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் இவ்வாதரவால் பயன்பெற்றன. உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. தேர்தலுக்குப்பின் நிகழ்ந்தது வேறு. காமன்வீல் தலைவர் மாணிக்கவேலு நாயகர் இராசாசியின் அமைச்சரவையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சித் தலைவர் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் 1954இல் காமராசரின் அமைச்சரவையில் இடம்பெற்றார். கழகத் தொண்டர்கள் திரட்டித் தந்த வாக்குகளில் ஒரு பகுதி காங்கிரஸ் ஆட்சியைத் தாங்கும் தூணாயிற்று. அரசியலில் இரவல் வேட்பாளர்களை நம்புவதன் விலையை இவ்வனுபவம் கற்பித்தது.

திருச்சி வாக்கெடுப்பு

1956 மே மாதத்தில் திருச்சிராப்பள்ளியில் கூடிய கழக மாநாடு, தேர்தலில் போட்டியிடுவதா வேண்டாவா என்னும் வினாவை மாநாட்டுக்கு வந்தோரிடமே விட்டது. பெட்டிகள் வைத்து வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. போட்டியிடலாம் என்று 56,942 பேரும் வேண்டா என்று 4,203 பேரும் வாக்களித்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் ஆதரித்த இம்முடிவு முன்னரே தலைமையால் உணரப்பட்டதாகவே இருந்திருக்கும். ஆயினும் அம்முறையின் பொருள் கவனிக்கத்தக்கது. தேர்தலை ஐயத்தோடு நோக்கிய ஒரு மரபிலிருந்து வந்த தொண்டர், தேர்தலுக்குள் நுழையும் முடிவையே ஒரு தேர்தலின் வழியாக எடுத்தார். பிறிதொருவர் தன்னைத் தேர்தலுக்குள் இழுத்துச் சென்றார் என்று பின்னாளில் அவர் சொல்ல வழியில்லை. பெரியாரின் இயக்கத்திலிருந்து பிரிந்த கட்சிக்கு இத்தகைய ஒப்புதல் தேவைப்பட்டது. காமராசரைப் ‘பச்சைத் தமிழர்’ என்று போற்றிய பெரியார், 1957இலும் 1962இலும் காங்கிரசுக்கு ஆதரவாகவும் கழகத்தாருக்கு எதிராகவும் பரப்புரை செய்தார். காங்கிரஸ் வேட்பாளரை எதிர்ப்பதோடு தம் பழைய தலைவரின் சொல்லையும் எதிர்கொள்ள வேண்டியவராகவே ஒவ்வொரு கழக வேட்பாளரும் களமிறங்கினார்.

சொந்த ஊர்த் தொகுதி

அண்ணா தேர்ந்த தொகுதி அவர் பிறந்த ஊர். 1909 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் நெசவுத் தொழிலோடு தொடர்புடைய செங்குந்தர் சமூகக் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக் கல்வியை அங்கேயே பெற்று, அவ்வூர் நகராட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராகவும் பணியாற்றியவர் அவர். 1942இல் ‘திராவிட நாடு’ இதழை அவர் தொடங்கியதும் காஞ்சியிலிருந்தே. சுயமரியாதை இயக்க வரலாற்றிலும் அந்நகருக்கு ஓர் இடமுண்டு. 1925ஆம் ஆண்டு அங்கு நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைக்கான தீர்மானம் ஏற்கப்படாததை அடுத்தே பெரியார் அக்கட்சியிலிருந்து வெளியேறினார்.

கோயில்களாலும் தறிகளாலும் அறியப்பட்ட நகரம் அது. பட்டு நெசவாளர், பருத்தி நெசவாளர், நூல் வணிகர், கூட்டுறவுச் சங்கத்தார் ஆகியோரின் வாழ்வு ஒன்றோடொன்று பின்னியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் தொழில் கடும் தேக்கத்தில் சிக்கியபோது, 1953இல் கழகத் தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அண்ணா திருச்சியில் விற்றார். அது நிவாரணமா பரப்புரையா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். அன்றைய கழகச் செயல்பாடுகளில் பலவும் இவ்வாறே இரண்டுமாக இருந்தன. காஞ்சிபுரம் போன்ற ஊரில் வாக்குக் கேட்டுச் செல்லும் வேட்பாளருக்கு இத்தகைய முன்வரலாறு தேர்தல் அறிக்கையைவிட வலிமையானது.

1957: சுயேச்சைகளின் கட்சி

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. அங்கீகரிக்கப்பட்ட கட்சி அன்று. எனவே அண்ணா உட்பட அதன் வேட்பாளர்கள் அனைவரும் சட்டத்தின் கண்ணில் சுயேச்சைகள். தேர்தல் ஆணையத்தின் அறிக்கையிலும் அவர்கள் அவ்வாறே பதிவாகியுள்ளனர். கழகம் அன்று வென்ற இடங்களை நூல்கள் சற்றே வேறுபட்ட எண்களில் தருவதற்கு இதுவே காரணம். கழக மரபு ஏற்றுக்கொண்ட எண் 15. இக்கட்டுரையும் அதையே கொள்கிறது. நாடாளுமன்றத்திற்கு நாமக்கல்லில் ஈ. வெ. கி. சம்பத்தும் திருவண்ணாமலையில் இரா. தருமலிங்கமும் தேர்வாயினர்.

இந்தச் ‘சுயேச்சை’ நிலை பொருளற்ற சட்டச் சொல் அன்று. அக்காலத் தேர்தல் முறையில் வாக்காளர் சீட்டில் முத்திரையிடுவதில்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டால் வாக்கு முடிந்தது. காங்கிரசின் இணைக்காளை மாநிலம் முழுவதும் ஒன்றாக நின்றது. உதயசூரியன் பல தொகுதிகளில் கழக வேட்பாளர்களுக்குக் கிடைத்திருந்தாலும், அது கழகத்துக்கே உரியது என்ற சட்டப் பாதுகாப்பு அன்று இல்லை. மாநிலக் கட்சியாக ஏற்பு வந்தது 1958இல்தான். எனவே 1957இல் கழக வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் முகத்தை நம்பிக் களம் காண வேண்டியிருந்தது. வென்றவர்களின் பட்டியல் இதைக் காட்டுகிறது: காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் மு. கருணாநிதி, எழும்பூரில் க. அன்பழகன், ஆயிரம்விளக்கில் ஏ. வி. பி. ஆசைத்தம்பி, பெரம்பூரில் சத்தியவாணி முத்து, திருவண்ணாமலையில் ப. உ. சண்முகம். மேடையிலும் இதழிலும் முன்பே பெயர் நாட்டியவர்கள் இவர்கள். கட்சி இவர்களுக்கு வாக்குத் தேடித் தந்தது என்பதைக் காட்டிலும், இவர்கள் கட்சிக்கு வாக்குத் தேடித் தந்தனர் என்பதே பொருந்தும்.

களமும் கழகத்துக்கு எளிதானதன்று. 167 தொகுதிகளில் 38 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அவற்றில் இரு வேட்பாளரை நிறுத்திப் பெரும் பரப்பில் பரப்புரை செய்யப் புதிய கட்சியிடம் பொருள்வளம் இல்லை. மாநிலம் முழுவதும் 205 இடங்களில் காங்கிரஸ் 151ஐ வென்றது.

பதினைவரின் அவை

சட்டமன்றத்தில் கழகம் அதிகாரபூர்வ எதிர்க்கட்சி ஆகவில்லை. காங்கிரசிலிருந்து பிரிந்தோர் அமைத்த காங்கிரஸ் சீர்திருத்தக் குழுவின் வி. கே. இராமசாமி முதலியாரே எதிர்க்கட்சித் தலைவர். அண்ணா ஒரு சிறு குழுவின் தலைவர் மட்டுமே. முதலமைச்சர் காமராசர், நிதி, கல்வித் துறைகளில் சி. சுப்பிரமணியம் போன்ற திறன்மிக்க அமைச்சர்.

பதினைந்து பேரால் எந்தச் சட்டத்தையும் நிறுத்த இயலாது. எனவே அவர்களின் அவைப்பணியை நிறைவேறிய தீர்மானங்களைக் கொண்டு அளப்பது தவறான அளவுகோல். மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடும் கோரிக்கையை எடுத்துக்கொள்ளலாம். அக்கோரிக்கைக்காக உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13இல் உயிர் துறந்திருந்தார். 1957இல் கழகம் அவையில் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. 1961 பிப்ரவரியில் பிரஜா சோஷலிஸ்டு உறுப்பினர் சின்னத்துரை மீண்டும் எழுப்பியபோது, தமிழில் நடைபெறும் அரசுத் தொடர்புகளில் ‘தமிழ்நாடு’ எனக் குறிப்பிட அரசு இசைந்தது. இது கழகத்தின் வெற்றி என்று மட்டும் கூறுவது பிற கட்சியினரின் பங்கை மறைத்துவிடும். கழகத்துக்குத் தொடர்பில்லை என்பதும் பொருந்தாது. தோற்ற தீர்மானம் அவைக்குறிப்பில் தங்கி, அடுத்து வருவோருக்கு முன்மாதிரி ஆகிறது. சிறுபான்மை உறுப்பினரின் பணி பெரிதும் இத்தகையதே.

அவைக்கு வெளியே கட்சி விரைவாக வளர்ந்தது. 1959ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சித் தேர்தலில் கழகம் நூற்றில் 45 இடங்களைக் கைப்பற்றி, அ. பொ. அரசு மேயரானார். வளர்ச்சியோடு விரிசலும் வந்தது. தலைமைக்குழுவில் முன்னணியிலிருந்த சம்பத் 1961 ஏப்ரலில் விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தோற்றுவித்தார். பொதுத்தேர்தலுக்கு ஓராண்டுகூட இல்லாத நிலையில் நேர்ந்த இப்பிரிவு, கழகத்தின் முடிவு நெருங்கியதெனக் காங்கிரசார் பலரையும் எண்ணச் செய்தது.

1962: தலைவர் தோற்றார், கட்சி வென்றது

1962 பிப்ரவரித் தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவர் எஸ். வி. நடேச முதலியார். உள்ளூரில் பேருந்துத் தொழில் நடத்தியவர் அவர்; மாநிலம் அறிந்த பேச்சாளர் அல்லர், ஊர் அறிந்த செல்வர். 1957இல் வென்ற பதினைந்து தொகுதிகளையும் குறிவைத்துக் காமராசர் தனிக்கவனம் செலுத்தினார் என்று கழக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. முடிவுகள் அக்கூற்றுக்கு இசைவானவை. நடேச முதலியார் 46,018 வாக்குகளும் அண்ணா 36,828 வாக்குகளும் பெற்றனர், வேறுபாடு 9,190. 1957இல் தேர்வான பதினைவரில் மீண்டும் பேரவைக்கு வந்தவர் கருணாநிதி ஒருவரே. அவரும் குளித்தலையில் நிற்கவில்லை. தஞ்சாவூருக்கு மாறி, பரிசுத்த நாடாரை 1,928 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். ஆனால் கழகம் 143 இடங்களில் போட்டியிட்டு 50 இடங்களை வென்றது. மாநில வாக்குகளில் அதன் பங்கு 27.10 விழுக்காடு.

காஞ்சிபுரத்தில் வாக்காளருக்குப் பணம் வழங்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டு கழகத்தார் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதை முற்றிலும் தள்ளிவிட வேண்டியதில்லை. வசதிமிக்க உள்ளூர் வேட்பாளரும் ஆளுங்கட்சி இயந்திரமும் ஒருங்கே இயங்கிய தேர்தலில் அத்தகைய நிகழ்வுகள் நடந்திருக்கக்கூடும். ஆனால் அது ஆறுதல் தரும் விளக்கமும்கூட; வரலாற்று விளக்கமாக நிற்க அதற்கு வலிமை போதாது. அண்ணாவுக்குக் கிடைத்த வாக்குகளைக் கூர்ந்து நோக்கினால் வேறொரு படம் தெரிகிறது. முதலிரு வேட்பாளர்களின் வாக்குகளை மட்டும் கூட்டினால் மொத்தம் 82,846. அதில் அண்ணாவின் பங்கு 44 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 206 இடங்களில் 143இல் மட்டும் நின்று கழகம் மாநில அளவில் 27 விழுக்காடு பெற்றது எனில், நின்ற இடங்களில் அதன் சராசரி, தோராயமாகக் கணக்கிட்டால், 39 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். மற்ற வேட்பாளரின் வாக்குகளுக்கு இடம்விட்டுப் பார்த்தாலும், அண்ணா பெற்றது தம் கட்சியின் சராசரிக்குக் குறைந்ததன்று என்றே கொள்ளலாம். காஞ்சிபுரம் அவரைக் கைவிடவில்லை. அவருக்கு எதிரான வாக்குகள் ஒரே இடத்தில் குவிந்தன.

குவிந்ததன் காரணத்தை மாநில அளவிலான எண்கள் விளக்குகின்றன. 1957இல் பாதியை எட்டாதிருந்த வாக்குப்பதிவு, 1962இல் 70.65 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இரட்டைத் தொகுதிகள் நீங்கியமை இவ்வுயர்வில் ஒரு பங்கு வகித்திருக்கலாம். எனினும் புதிய வாக்காளர் பெருந்திரளாகச் சாவடிக்கு வந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்களைக் கழகம் மட்டும் அழைத்து வரவில்லை, காங்கிரசும் அழைத்து வந்தது. காங்கிரசின் வாக்குப் பங்கு 45.34இலிருந்து 46.14ஆகச் சற்றே கூடியது. அதன் இடங்கள் 151இலிருந்து 139ஆகக் குறைந்தன. ஆகவே கழகத்தின் வளர்ச்சி காங்கிரசிடமிருந்து பறித்தது அன்று. முன்பு சுயேச்சைகளிடமும் சிறு கட்சிகளிடமும் சிதறிக் கிடந்த எதிர்ப்பு வாக்குகள் உதயசூரியனின்கீழ் வந்து சேர்ந்தன. காங்கிரஸ் சீர்திருத்தக் குழுவின் வழிவந்தோர் களத்திலிருந்து ஏறத்தாழ மறைந்ததை இதனோடு சேர்த்துக் காண வேண்டும்.

1962இல் வாக்களிக்கும் முறையும் மாறியிருந்தது. தனித்தனிப் பெட்டிகள் போய், எல்லா வேட்பாளரின் சின்னங்களும் அச்சிடப்பட்ட ஒரே சீட்டில் முத்திரையிடும் முறை வந்தது. கழகம் இப்போது தனக்கே உரிய சின்னத்தோடு நின்றது. எழுத்தறியாத வாக்காளரின் முன் அச்சீட்டில் இருந்தவை சின்னங்களே. அண்ணாவின் குரலை மேடையில் கேட்டவரும், திரைப்படத்தில் எம். ஜி. இராமச்சந்திரனையோ எஸ். எஸ். இராசேந்திரனையோ கண்டவரும், ‘தம்பிக்கு’ எனத் தொடங்கும் கடிதத்தைத் தேநீர்க் கடையில் பிறர் படிக்கக் கேட்டவரும் தம் தொகுதி வேட்பாளர் யாரென்று அறியாமலேயே வாக்களிக்க இயன்றது. இராசேந்திரன் தேனியில் வென்றார். பெயர் அறியப்படாத பலர் வேறு தொகுதிகளில் வென்றனர். 1957இல் கழகத்தின் பெரும் பலமாயிருந்த தனிமனிதப் புகழ், எதிரணி திட்டமிட்டு வேட்பாளரை நிறுத்தித் தாக்குவதற்கான தெளிவான இலக்கை 1962இல் காட்டிக் கொடுத்தது. பதினைந்து இலக்குகளைக் காங்கிரசால் குறிவைக்க முடிந்தது. நூற்று நாற்பத்து மூன்றை முடியவில்லை.

சின்னத்துக்கு இடம்பெயர்ந்த இவ்வாதரவு ஆட்சிக்குப் போதுமானதாக இல்லை. இராசாசியின் சுதந்திராக் கட்சியும் இந்தியக் கம்யூனிஸ்டு கட்சியும் தனித்தனியே 8 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வாக்குகளைப் பெற்று, முறையே 6 இடங்களிலும் 2 இடங்களிலும் வென்றன. இவற்றின் வாக்குகளையும் கழக வாக்குகளையும் கூட்டினால் காங்கிரசின் பங்கை நெருங்குகின்றன, தாண்டவில்லை. 1962இன் முடிவு கழகத் தலைமைக்குக் காட்டிய கணக்கு இதுவே.

மாநிலங்களவை வழியாக

பேரவையில் நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவரானார். அண்ணா பேரவைக்குள் இல்லை. ஆனால் அங்கு வென்று வந்த ஐம்பது கழக உறுப்பினரின் வாக்குகள் மாநிலங்களவையில் ஓர் இடம் பெறப் போதுமானவை. அவ்விடத்திற்கு அண்ணா தேர்வானார். மக்கள் அனுப்ப மறுத்த அவையின் உறுப்பினரே அவரைத் தில்லிக்கு அனுப்பினர்.

இம்மாற்றத்தின் விளைவு தற்செயலானதாயினும் ஆழமானது. 1962 மே முதல் நாள் மாநிலங்களவையில் ஆற்றிய கன்னியுரையில் அவர் திராவிட நாட்டுக் கோரிக்கையை வெளிப்படையாக முன்வைத்தார். அதே ஆண்டு விலைவாசி உயர்வை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்றார். அக்டோபரில் சீனப்போர் மூண்டதும் நிலைமை மாறியது. 1963இல் நிறைவேறிய அரசமைப்பின் பதினாறாவது திருத்தம், தேர்தலில் நிற்க விரும்புவோர் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக வேட்பாளர் நிலையிலேயே உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றாக்கியது. பிரிவினைக் கோரிக்கையா தேர்தலா என்னும் கேள்வி இப்போது சட்டத்தின் வடிவில் வந்தது. அண்ணா மாநிலங்களவையில் அத்திருத்தத்தை எதிர்த்துப் பேசினார். பின்னர்க் கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. இது அச்சத்தால் நேர்ந்த பின்வாங்கல் என்போரும், தொலைநோக்கான முடிவு என்போரும் உளர். 1956இன் திருச்சி வாக்கெடுப்போடு இணைத்துப் பார்த்தால், தேர்தல் பாதையை 56,942 பேர் தேர்ந்த நாளிலேயே இம்முடிவின் விதை விழுந்துவிட்டது எனலாம். ஐம்பது உறுப்பினரைப் பெற்ற கட்சி, வேட்பாளரை நிறுத்தும் உரிமையை இழக்க ஒருப்படாது.

மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றக் கோரும் தனிநபர் முன்வரைவை பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் கொண்டுவந்தபோது அண்ணா அதை ஆதரித்துப் பேசினார். கம்யூனிஸ்டு உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்ததைக் கழகத் தலைவர் ஆதரித்தமை, கட்சி எல்லை கடந்த உறவுகளுக்குத் தில்லி தந்த வாய்ப்பையும் காட்டுகிறது.

1967: கூட்டலும் அதன் எல்லையும்

1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அதை அடுத்த அரிசித் தட்டுப்பாடும் காங்கிரசின் வீழ்ச்சிக்குக் காரணங்களாக எப்போதும் சொல்லப்படுகின்றன. அவை மெய்யான காரணங்களே. ஆயினும் எண்கள் ஓர் எச்சரிக்கை விடுக்கின்றன. 1967இல் காங்கிரஸ் பெற்ற வாக்குகள் 41.10 விழுக்காடு, தி.மு.க. பெற்றவை 40.69 விழுக்காடு. ஐந்து விழுக்காடு மட்டுமே இழந்த கட்சி, 139 இடங்களிலிருந்து 51 இடங்களுக்கு வீழ்ந்தது. 174 இடங்களில் மட்டும் நின்ற கழகம் 137ஐ வென்றது. எதிர்ப்பு வாக்குகள் சிதறாதிருந்தமையே இம்முடிவின் இயங்குவிதி. சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டு கட்சி, முஸ்லிம் லீக், சோஷலிஸ்டுக் கட்சிகள், ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம், சி. பா. ஆதித்தனாரின் நாம் தமிழர் இயக்கம் எனக் கொள்கையால் ஒன்றோடொன்று பொருந்தாதோரை அண்ணா ஓரணியில் நிறுத்தினார். சிவஞானமும் ஆதித்தனாரும் உதயசூரியன் சின்னத்திலேயே போட்டியிட்டனர். ஆளைவிடச் சின்னம் வலியது என 1962 காட்டிய பாடம் இங்கு முழுமை பெற்றது. கழகத்தை நெடுங்காலம் எதிர்த்தவர்களும் அச்சின்னத்தை ஏந்தினால் வெல்ல முடிந்தது.

அண்ணாவோ அத்தேர்தலில் பேரவைக்குப் போட்டியிடவில்லை. தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் நின்று வென்றார். கட்சி தனித்து ஆட்சி அமைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவர். காஞ்சிபுரத்தில் தாம் இலக்காக்கப்பட்ட அனுபவமும் இத்தேர்வில் இடம்பெற்றிருக்கக்கூடும். எவ்வாறாயினும் 1967 மார்ச் 6இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது அவர் சட்டமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர். நாடாளுமன்ற இடத்தைத் துறந்தார். அங்கு நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார். பேரவை இடைத்தேர்தல் ஒன்றைச் சந்திக்காமல் அண்ணா மேலவை உறுப்பினரானார். மேலவை வழியாக முதலமைச்சரானமைக்காக 1952இல் இராசாசி பெருங்கண்டனத்திற்கு உள்ளானதை ஈண்டு ஒப்புநோக்கலாம். அன்று இராசாசி மக்களைச் சந்திக்காதவர், நியமனம் பெற்றவர்; அண்ணா அப்போதுதான் மக்கள் வாக்கால் வென்று வந்தவர். கண்டனத்தின் அளவு வேறுபட்டமைக்கு இது காரணமாகலாம்.

1967 ஜூலை 18ஆம் நாள் சென்னை மாநிலத்தின் பெயரைத் தமிழ்நாடு என மாற்றக் கோரும் தீர்மானத்தை முதலமைச்சர் அண்ணா பேரவையில் முன்மொழிந்தார். பத்தாண்டுகளுக்கு முன் பதினைவராக நின்று தோற்ற கோரிக்கை அது. அரசமைப்பின் 177ஆம் உறுப்பின்படி, அமைச்சர் ஒருவர் தாம் உறுப்பினராக இல்லாத அவையிலும் பேசலாம், நடவடிக்கைகளில் பங்கேற்கலாம், வாக்களிக்க இயலாது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அவையினர் ‘வாழ்க’ என முழங்க, ‘தமிழ்நாடு’ என அவர் மும்முறை கூறினார். அத்தீர்மானத்தின்மேல் வாக்கெடுப்பு நடந்திருந்தால், அதை முன்மொழிந்தவருக்கு அங்கு வாக்கில்லை.